இரண்டு மோட்டாரில் ஒன்று

பெரியவளே, சின்னவனே,

நல்லூர் மாமா ஏன் நம் வீட்டுப் பக்கமே வருவதில்லை என்று இரண்டு பேரும் மாறி மாறிக் கேட்கிறீர்கள். அம்மாவிடம் கேட்டால் அவள் அடுப்படிக்குப் போய்விடுகிறாள். என்னிடம் கேட்டால் நான் பேச்சை மாற்றிவிடுகிறேன். வாயால் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன். பத்தாவது வரைக்கும்தான் படித்தவன், எழுத்தில் முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாமா கடைசியாக நம் வீட்டுக்கு வந்தபோது பெரியவள் இரண்டாம் வகுப்பு. சின்னவனை இன்னும் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவில்லை. நான் களிமண் கரைசலை அச்சில் ஊற்றிக்கொண்டிருந்த பொம்மை யூனிட்டுக்குப் பின்னாலேயே ஒற்றை அறை வீட்டில் குடியிருந்தோம். வாசலுக்கு எதிரே, சூளைக்குப் போகிற முன் பொம்மைகளைக் காய வைக்கிற பெரிய சிமெண்டுக் களம்.

மாமா உங்கள் அம்மாவுக்கு ஒரே தம்பி. துபாய்க்குப் போன முதல் வருஷமே அக்காவுக்கு ஒரு டேப் ரெக்கார்டர் அனுப்பினார். ஒரு வருஷம் நன்றாகப் பாடியது. பிறகு கேசட் சுற்றும், சத்தம் வராது. கடைத்தெருவில் ஒரு ரிப்பேர் கடையில் கொடுத்தோம். கடைக்காரர் அதைக் கண்ணாடி அலமாரியில் வைத்திருந்திருக்கிறார். லீவில் வந்திருந்த யாரோ அதைப் பார்த்து யாருடையது என்று விசாரித்துவிட்டு, துபாய் திரும்பியதும் மாமாவிடம், "நீ அனுப்புனத உங்கக்கா கடையில வித்துட்டாங்கப்பா" என்று சொல்லிவிட்டார்.

மாமா யூனிட் ஆபீஸ் போனுக்குக் கூப்பிட்டார். உங்கள் அம்மா ஈரக்கையோடு ஓடினாள்.

"வித்துட்டியாக்கா?"

"ரிப்பேருக்குக் குடுத்திருக்குதுடா."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

அவ்வளவுதான், வைத்துவிட்டார். அதற்குப் பிறகு நாலு வருஷம் போன் இல்லை. ஊருக்கு வந்தாலும் நல்லூரில் தாத்தா வீட்டோடு திரும்பிவிடுவார். அம்மா அன்றைக்கே கடைக்குப் போய், இன்னும் ரிப்பேர் பார்க்காத டேப்பை வாங்கி வந்து, ஒரு துண்டில் சுற்றிப் பரணில் வைத்தாள். "அவன் இந்த வூட்டுக்கு வர்ற அன்னைக்கு எடுத்து முன்னாடி வைப்பேன். வேற ஒண்ணும் பேச மாட்டேன்" என்றாள்.

அப்படி இருக்கும்போதுதான் மங்கலம்பேட்டை பாய் ஒருவர் அட்டைப்பெட்டியோடு வந்தார். மாமாவோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர்.

"இந்தாங்கம்மா, தம்பி புள்ளைங்களுக்குக் குடுத்தனுப்புனாரு. ரிமோட் ஹெலிகாப்டரு."

"எனக்கு ஏதாச்சும் சொன்னானா பாய்?"

பாய் டீ டம்ளரை வாங்கிக்கொண்டார். "அடுத்த மாசம் லீவுல வராரும்மா. வந்து பறக்குதான்னு பாத்துட்டுப் போறேன்னாரு." பிறகு டீயைக் குடித்துவிட்டு, எழுந்துகொள்ளும்போது, "'வித்துடாம இருந்தா'ன்னு கூட ஒரு வார்த்தை சொன்னாரு. அத நான் சொல்லாம வுட்டிருக்கலாம்" என்றார்.

அம்மா காதில் முதல் பாதி மட்டும்தான் விழுந்தது. "வரேன்னுட்டான் பாத்தீங்களா" என்று அன்று முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த ஹெலிகாப்டர் என் முழங்கை நீளம் இருக்கும். தலைக்கு மேல் இரண்டு அடுக்காக றெக்கை. மேல் அடுக்கு ஒரு பக்கம் சுற்றினால் கீழ் அடுக்கு எதிர்ப்பக்கம் சுற்றும். ஒவ்வொன்றுக்கும் ஒரு மோட்டார், கட்டைவிரல் தடிமன். இரண்டும் சமமாக இழுத்தால்தான் உடம்பு திரும்பாமல் நேராக நிற்கும். களத்தில் பொம்மைகளை உள்ளே எடுத்து வைத்த பிறகு நாம் அதைப் பறக்க விடுவோம். யூனிட் ஆட்கள் எல்லாரும் நின்று பார்ப்பார்கள். சின்னவன் அது தரையை விட்டு எழும்போது காதைப் பொத்திக்கொண்டு சிரிப்பான்.

இரண்டு வாரம் பறந்தது. பிறகு ஒரு நாள் எழும்பியதும் உடம்பு மெல்லத் திரும்பியது. மறுநாள் வேகமாகத் திரும்பியது. அதற்கடுத்த நாள் எழும்பவே இல்லை, தரையிலேயே சுற்றியது.

முதலில் பேட்டரி என்றுதான் நினைத்தேன். சார்ஜரில் பச்சை விளக்கு வரும் வரைக்கும் போட்டு எடுத்தேன். அப்படியேதான் சுற்றியது. பிறகு கீழ் அடுக்கு மந்தமாக ஓடுவதைக் கவனித்தேன். மோட்டார் கெட்டதா, அதற்குக் கரண்டு அனுப்புகிற அட்டை கெட்டதா? பல்பு எரியவில்லை என்றால் வேறு ஹோல்டரில் மாட்டிப் பார்ப்போம் இல்லையா, அதுபோல இரண்டு மோட்டாரின் ஒயரையும் இடம் மாற்றிக் கொடுத்துப் பார்த்தேன். அப்போதும் கீழ் மோட்டார்தான் மந்தம். ஆக, அட்டையில் கோளாறு இல்லை, மோட்டார்தான். வெந்த பொம்மையை விரலால் சுண்டிக் கேட்டால் உள்ளே விரிசல் இருப்பது சத்தத்தில் தெரிந்துவிடும் எங்களுக்கு. அந்தப் பழக்கத்தில் காதோடு வைத்துக் கேட்டேன். ஒரு மோட்டார் ஈ மாதிரி ரீங்கரித்தது. மற்றது மண்ணை மென்றது.

யூனிட்டில் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "ஃபேனுக்கு வுடற மாதிரி ரெண்டு சொட்டு எண்ண வுடு." அம்மாவின் தையல் மிஷின் எண்ணெயில் இரண்டு சொட்டு விட்டோம். அன்று சாயங்காலம் பறந்தது! அம்மா கை தட்டினாள். மறுநாள் மோட்டார் அசையவே இல்லை.

மாமா திருச்சியில் இறங்கி, வேப்பூர் வழியாக நல்லூர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று செய்தி வந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசை முடிந்து நம் வீட்டுக்கு வருகிறாராம். இடையில் ஒரு சனிக்கிழமைதான்.

மோட்டாரைக் கழற்றி, அதன் பின்மூடியைக் கத்தி முனையால் நெம்பித் திறந்தேன். உள்ளே பார்த்தேன். நான் தினமும் அச்சில் ஊற்றுகிற கரைசல் போலவே ஒன்று, கொஞ்சம் கறுத்து, அப்பிக்கொண்டிருந்தது. களத்துத் தூள். றெக்கை கீழே அடிக்கிற காற்றில் அந்தத் தூள் கிளம்பி, மோட்டாரின் ஓட்டை வழியாக உள்ளே போயிருக்கிறது. நாங்கள் விட்ட எண்ணெய் அதைக் குழைத்து வைத்திருக்கிறது. பெருக்கிப் பெருக்கி வெள்ளையாக இருந்த களத்தைச் சுத்தமான இடம் என்று நம்பித்தான் அங்கே பறக்க விட்டோம். அந்த வெள்ளையே தூள்தான் என்று அத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தூளிலேயே இருப்பவர்களுக்கு அது கண்ணில் படாது போலிருக்கிறது.

பெட்ரோல் தொட்டுத் துடைத்தேன். உள்ளே மீன்முள் போல இரண்டு செப்புத் தகடு, அவைதான் கரண்டைத் தொட்டுக் கொடுப்பவை. மூடியைத் திரும்பப் பொருத்தும்போது ஒன்று ஒடிந்து விழுந்தது. அதோடு அந்த மோட்டார் முடிந்தது.

சைக்கிளை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒரு கடை விடாமல் கேட்டேன். பொம்மைக் கடைக்காரர் கையிலேயே வாங்கவில்லை. "மெட்ராஸ்ல கெடைக்கும், தேடுனா" என்றார். கடைசியில் ஃபேன் வைண்டிங் கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"இத்துனூண்டுக்கு நான் என்னத்தய்யா வைண்டிங் கட்டறது? எம் பொண்டாட்டி தலைமுடியிலதான் கட்டணும்."

"வேற வழியே இல்லீங்களா?"

"பழைய டேப் ரெக்கார்டர் மோட்டாரு இருந்தா கட்டிப் பாரு. சுத்தும். பறக்குமான்னு என்னய கேக்காத."

வீட்டுக்கு வந்து இதை அம்மாவிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். அவள் ஸ்டூல் போட்டு ஏறி, பரணிலிருந்து அந்தத் துண்டு மூட்டையை இறக்கினாள்.

"இதுல மோட்டாரு நல்லாதான இருக்குது?"

"அது வேணாம். அவன் வந்தா காட்டணும்னு வச்சிருக்கிறியே."

"பறக்குதான்னு பாக்கத்தான் வரான். அது பறந்தா இத எதுக்குக் காட்டறேன்? கழட்டுங்க."

கழற்றினேன். பெரிய மோட்டார் அது, ஹெலிகாப்டரின் வயிற்றுக்குள் உட்காரவில்லை. சைக்கிள் டியூபை நாடாவாகக் கிழித்து இழுத்துக் கட்டினேன். ஒடிந்த மோட்டாரின் குட்டிப் பல்சக்கரத்தை உருவி இதன் கம்பியில் ஏற்றினேன். ரிமோட்டைத் தள்ளியதும் சுற்றியது. அம்மா முகத்தைப் பார்த்தேன். ஆனால் எவ்வளவு தள்ளினாலும் அது ஒரே நிதானத்தில்தான் சுற்றியது. பாட்டு இழுக்காமல், ஓடாமல், சீராகப் பாட வேண்டும் என்று செய்த மோட்டார். அதனிடம் வேகம் கேட்டால் எங்கே போகும்? சாயங்காலம் வரைக்கும் ஒயரை மாற்றினேன், நாடாவை இறுக்கினேன், தளர்த்தினேன். ஹெலிகாப்டர் ஒரு விரற்கடை கூட எழும்பவில்லை. "காலையில சார்ஜ் நல்லா ஏறியிருக்கும், பறக்கும்" என்று அம்மா சொன்னாள். நானும் தலையை ஆட்டினேன்.

ஞாயிறு மதியம் மாமா வந்தார். வெள்ளைச் சட்டை, செண்ட் வாசனை. நீங்கள் இரண்டு பேரும் அவர் காலைக் கட்டிக்கொண்டீர்கள். அவர் உங்களைத் தூக்கினார். அக்காவைப் பார்த்து, "நல்லாக்கீறியா?" என்று மட்டும் கேட்டார். அம்மா கோழிக்குழம்பு வைத்திருந்தாள். இலை போட்டு, தண்ணீர் தெளித்து, ஓரத்தில் உப்பும் ஊறுகாயும் வைத்துவிட்டாள்.

"மொதல்ல ஹெலிகாப்டர் மாமா!" என்று பெரியவள் கத்தினாள்.

களத்தில் வைத்தேன். தள்ளினேன். அது தரையிலேயே நாலு சுற்றுச் சுற்றியது. நாடா அவிழ்ந்து மோட்டார் வெளியே விழுந்து, ஒயரில் தொங்கியபடி சிமெண்டில் இழுபட்டது.

மாமா என்னைப் பார்த்துச் சிரித்தார். "மாமா, நான் ஹெலிகாப்டருன்னு வாங்கி அனுப்புனேன். நீங்க மாவாட்டற கிரைண்டரா ஆக்கி வச்சிருக்கிறீங்க." பிறகு குனிந்து அந்த மோட்டாரை எடுத்துப் பார்த்தார். "இது இதோடது இல்லியே?"

அம்மாதான் சொன்னாள். ஏதோ நல்ல சேதி சொல்வது போலச் சொன்னாள்.

"நீ அனுப்புன டேப்புல இருந்துதாண்டா! நாங்க விக்கல. இரு, காட்டறேன்." உள்ளே ஓடிப்போய் அந்த டேப்பின் கூட்டை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள். பின்மூடி இல்லை. ஒயர்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. மோட்டார் இருந்த இடம் பொந்தாக இருந்தது.

மாமா அதைத் தொடவில்லை.

"இந்த மாதிரி கூடு காயலான் கடையில எத்தினி வேணும்னாலும் கெடைக்கும்க்கா."

"டேய், உன்னோடதுடா. நாலு வருசமா பரண்ல வச்சிருந்தேன்."

"முழுசா வச்சிருந்தா எடுத்துக் காட்டியிருப்பியே. எப்ப கழட்டுனீங்க?"

"நேத்துதான் கழட்டுனோம்" என்றேன். என் வாயிலிருந்து வந்தபோது எனக்கே அது பொய் மாதிரி இருந்தது.

"நேத்து" என்று மாமா திருப்பிச் சொன்னார். "சரி மாமா. சரி. நான் அனுப்பறது எதுவும் இந்த வூட்டுல உயிரோட இருக்காது போலக்குது."

"வா, சாப்புடு. இலை போட்டாச்சு. அப்புறம் என்னைய எவ்ளோ வேணும்னாலும் திட்டு" என்று அம்மா அவர் கையைப் பிடித்தாள். அவர் கையை உதறவில்லை, மெதுவாகத்தான் எடுத்துக்கொண்டார். அதுதான் எனக்கு இன்னும் மோசமாக இருந்தது.

"அப்பா காத்துகினு இருப்பாரு. பஸ்ஸு போயிடும். போயிட்டு வரேன்."

வரேன் என்று சொன்னாரே தவிர வரவில்லை. அந்த லீவிலும் இல்லை, அடுத்தடுத்த லீவுகளிலும் இல்லை. புது மோட்டாரும் எங்கும் கிடைக்கவில்லை. டேப்பில் பழைய மோட்டாரைத் திரும்பப் போட்டு வைக்கலாமே என்று நான் கேட்டதற்கு, "யாருக்குக் காட்ட?" என்று அம்மா கேட்டாள். உங்கள் மாமா கெட்டவர் இல்லை. அவர் இடத்தில் நின்று பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தெரிந்திருக்கும். அம்மாவைக் குறை சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை. இதைச் சரி செய்ய நீங்கள் ஏதாவது செய்வீர்கள் என்று எதிர்பார்த்தும் எழுதவில்லை. செய்ய ஒன்றும் இல்லை. கேட்டீர்கள், சொல்லிவிட்டேன்.

அன்று மாமா போன பிறகு அம்மா உங்களுக்குச் சோறு போட்டாள். நீங்கள் களத்துக்கு ஓடிவிட்டீர்கள். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மாமாவுக்குப் போட்ட இலை நடு வீட்டில் அப்படியே கிடந்தது. தெளித்த தண்ணீர் காய்ந்து, உப்பு மட்டும் ஒரு மூலையில் ஈரமாக இருந்தது. அதை எடுக்கப் போனவன், எடுக்காமல், அவர் உட்கார்ந்திருக்க வேண்டிய இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். சாப்பிட்டு முடித்தவர்கள் உறவு விட்டுப்போகக் கூடாது என்று மடிப்பார்களே, அதுபோல சோறு விழாத அந்த இலையை என் பக்கமாக மடித்தேன். பிறகு சத்தம் வராமல் எடுத்துக்கொண்டு போய்க் கொல்லைப்புறத்தில் போட்டுவிட்டுக் கையைக் கழுவினேன்.