முழங்கைக்கு மேலே ஒரு காப்பு

"தலைக்காயம் இன்னும் ஆறவில்லையா?" என்று ஹெர் பெக்கர் காலைதோறும் ஹர்ஜீத்திடம் கேட்பார். ஜேர்மனியின் எசன் நகரில் நானும் அவளும் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் அவருக்குத்தான் வயது அதிகம். ஹர்ஜீத் கட்டத் தொடங்கியிருந்த கருநீலத் தலைப்பாகையை அவர் மருந்துக்கட்டு என்றே நம்பினார். "இது காயமில்லை, கிரீடம்" என்பாள் அவள். "எதற்கும் டொக்டரிடம் காட்டுங்கள்" என்பார் அவர்.

ஹர்ஜீத் பஞ்சாபிலிருந்து வந்த சீக்கியப் பெண், என் வயதுக்காரி. அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்குப் பஞ்சாபி தெரியாது. டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில்தான் எங்கள் சிநேகிதம் வளர்ந்தது. ஆனால் அவள் பேசுவது என் காதில் எங்கள் ஊர்த் தமிழாகவே விழும். இந்த வசந்தத்தில் அம்ரித் எடுக்கப்போவதாக ஒருநாள் சொன்னாள். சீக்கிய நெறிக்குள் முறைப்படி நுழையும் சடங்கு அது. அதன்பின் வெட்டாத முடி, மரச்சீப்பு, இரும்புக் காப்பு, பருத்தி உள்ளாடை, கிர்பான் என்னும் சிறுவாள் ஆகிய ஐந்தும் உடலை விட்டு நீங்கக் கூடாது. இடறியது காப்புத்தான். முதியவர்களைப் பராமரிக்கும் கையில், முழங்கைக்குக் கீழே கலியாண மோதிரம்கூட இருக்கக் கூடாதென்பது எங்கள் இல்லத்தின் சுகாதார விதி.

"வேலையை விடுவன். வாக்கை விட ஏலாது" என்றாள். அந்த வேலையை அவள் எவ்வளவு நேசித்தாள் என்பது எனக்குத் தெரியும்.

சடங்குக்கு என்னையும் அழைத்திருந்தாள். வீட்டில் சொன்னபோது என் கணவர் சாப்பாட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். "உங்கை நீர் போகத்தான் வேணுமோ?"

அவர் கேட்டதன் பொருள் எனக்கு விளங்கியது. யாழ்ப்பாணத்தில் எங்கள் சிறுவயதில் தலைப்பாகையை முதலில் கண்டது இந்திய இராணுவ வண்டிகளின் மேல்தான். வண்டிச் சத்தம் கேட்டதும் அம்மா எங்களை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துவார். அந்தப் பயம் எங்களோடு விமானம் ஏறி வந்திருந்தது.

"அவ ஆமிக்காரி இல்லை. என்ரை சிநேகிதி" என்றேன்.

இல்லப் பொறுப்பாளர் லின்ட்னர் அம்மையார் காப்பு விஷயம் பேச ஒரு டெர்மின், சந்திப்பு நேரம், தந்தார். துணைக்கு நானும் போனேன். காப்பைக் கணவரின் பரிசென்று நினைத்து, "அலுமாரியில் பத்திரமாக வைக்கலாமே" என்றார் அவர்.

"இது நகையில்லை. இந்தக் கை பிழையான வேலைக்குப் போகாமல் மறிக்கிற காவல். உங்கட விதியும் ஆக்களைக் காக்கத்தானே? ரெண்டையும் நான் மீறமாட்டன்."

சட்டைக் கையை உயர்த்திக் காட்டினாள். பெரிதாக ஒரு காப்பு வாங்கி முழங்கைக்கு மேலே இறுக்கமாக அணிந்திருந்தாள். கீழே கை வெறுமையாக இருந்தது. அம்மையார் எழுந்து வந்து உற்றுப் பார்த்தார். ஆடைக்குள் நூலில் தொங்கிய கிர்பானையும் பார்த்தார். "எங்கள் வெண்ணெய்க் கத்தி இதைவிடப் பெரியது" என்று சிரித்தவர், "திங்கட்கிழமை வேலைக்கு வாருங்கள்" என்றார். வெளியே வந்ததும் நடைபாதையிலேயே கட்டிப்பிடித்துக் குதித்தோம்.

தொழிற்பேட்டைக் கொட்டகை ஒன்றில் இருந்தது சீக்கியர் வழிபடும் அந்தக் குருத்வாரா. அம்ரித் எடுப்பவர்கள் உள்ளே போனதும் கதவு சாத்தப்பட்டது. நான் தலையில் துணி போர்த்திச் சமையற்கூடத்தில் ரொட்டி தேய்த்தேன். என்னைக் காரில் கொண்டுவந்த என் கணவர் இறங்க மறுத்துவிட்டார். சற்று நேரத்தில் தலைப்பாகை கட்டிய பெரியவர் ஒருவர் தேநீரோடு காரடிக்குப் போய், கையைப் பிடித்து இவரை உள்ளே கூட்டி வந்தார்.

கதவு திறந்து ஹர்ஜீத் வந்தபோது அவள் முடியில் ஈரம் மின்னியது. ஐந்து பேர் சர்க்கரை கரைத்த நீரை வாளால் கலக்கி, கண்ணிலும் முடியிலும் தெளித்தார்களாம். பிறகு எல்லோரும் ஒரே பாத்திரத்தில் வாய் வைத்துக் குடித்தார்களாம். "ஆர் என்ன சாதியெண்டு அந்தப் பாத்திரம் கேக்கேல்லை" என்றாள். யாழ்ப்பாணத்துக் காதுக்கு அது சின்ன விஷயமல்ல.

வரிசையாகத் தரையில் அமர்ந்து சாப்பிட்டோம். யாழ்ப்பாணம் எங்கே இருக்கிறது என்று பெரியவர் கேட்டார். என் கணவர் தண்ணீரில் விரலைத் தொட்டு, சீமெந்துத் தரையில் மேலே பஞ்சாபையும் கீழே எங்கள் தீவையும் வரைந்தார்.

"இதிலை ஜேர்மனி எங்கை?" என்று கேட்டேன்.

ஹர்ஜீத் ஈரப்படத்தைச் சுற்றியிருந்த தரையைத் தட்டிக் காட்டினாள். "அதுக்கு மேலைதானே எல்லாரும் இருக்கிறம்."