வீரனின் மடியில் இருந்த குழந்தை

கண் திறப்பன்று ஊர்ப் பெரியதனக்காரர் இருந்தார். பூசாரியும் பம்பைக்காரர்களும் இருந்தார்கள். ஓரமாக அம்மாவும் நானும் நின்றோம். எல்லைக் காவல் வீரனின் சிலையை முதலில் செய்தவர் மட்டும் அங்கே இல்லை. அவர் என் அப்பா.

எங்கள் ஊர் புதுவாயலிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலைக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்த காலம். அப்பா அங்கே கொத்து வேலைக்குப் போவார். ஊரில் வீரனுக்குச் சிமெண்டுச் சிலை வைக்க முடிவானபோது அவரைக் கூப்பிட்டார்கள். செய்தவன்தான் கண்ணில் கருமணி எழுதிக் கண் திறக்க வேண்டும் என்பது வழக்கம். அதுவரை அது வெறும் சிமெண்டு. எழுதிய பிறகு சாமி, யாரும் கைவைக்க முடியாது. எழுதியவனுக்குச் சாமி முன்னால் வேட்டி கொடுத்து மரியாதை செய்வார்கள். எங்கள் வீட்டில் யாரும் அந்த இடத்தில் நின்றதில்லை. அதற்காகவே அப்பா கூலிக்குப் போகாமல், சிலையைச் சுற்றிக் கட்டிய ஓலை மறைப்புக்குள் கிடந்தார்.

கண் திறப்புக்கு முன்பே ஒருநாள், ஊர் பார்க்க மறைப்பைப் பிரித்தார்கள். வீரன் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். மீசை இருந்தது, அரிவாள் இல்லை. மடியில் ஒரு பெண்குழந்தை, லேசாக வாய் திறந்து தூங்கியது. சாயங்காலங்களில் என் தங்கை அப்பா மடியில் அப்படித்தான் தூங்குவாள்.

“இன்னாடா இது? சாமியா, ஆயாவா?” என்றார் பெரியதனக்காரர். கூட்டம் சிரித்தது.

“காவக்காரன் முழிச்சிக்கினு கீறான், புள்ள பயமில்லாம தூங்குது. அதாங்க காவலு,” என்றார் அப்பா.

“இவனப் பாத்து எந்தத் திருடன்டா பயப்படுவான்?”

“பக்கத்துல ஒரு தூளி கட்டுங்கடா!” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

நான் அப்போதுதான் எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்தேன். வீட்டில் முதலில் படித்தவன். படித்தவன் சொன்னால் கேட்பார்கள் என்று நம்பினேன். “வீரம்னா வெட்டறது மட்டும் இல்லீங்க. அடிக்காம இருக்கவும் பலம் வேணும்,” என்றேன்.

“படிச்ச புள்ள பேசிட்டாரு,” என்று பெரியதனக்காரர் கைதட்டினார். பிறகு அப்பாவிடம் திரும்பினார். “கண்ணு தொறக்கல. இன்னும் இது சாமி இல்ல. உளிய எடு. புள்ளைய எடுத்துட்டுக் கத்திய வையி.”

“ஒரே கம்பிங்க. கைக்கும் புள்ளைக்கும் சேத்து வளச்சிக்கீறேன். புள்ளைய எடுத்தா கையும் வந்துரும்.”

“வரட்டும், வேற கை வையி. முடியாதுன்னா கண்ணு தொறக்க வேற ஆளு வருவான்.”

அந்தக் கடைசி வார்த்தைக்குத்தான் அப்பா உளியை எடுத்தார். குழந்தையின் முகத்தை விட்டுவிட்டுக் கால் பக்கமிருந்து தொடங்கினார். “தலையில போடுடா!” என்று கத்தினார்கள்.

“வாணாம் நைனா, ஊட்டுக்கு வா,” என்றேன். அவர் திரும்பவில்லை. கம்பி விட்டதும் வீரனின் கை முழங்கையோடு சரிந்து, அப்பாவின் வலது கையைப் பீடத்தோடு நசுக்கியது.

பூசாரி குனிந்து பீடத்தைப் பார்த்தார். “கெடா ரத்தம்னா பரவால்ல. இது மனுச ரத்தம். தீட்டு. இனிமே இவன் கை இதுல படக்கூடாது.”

திருவள்ளூரிலிருந்து வேறு ஆள் வந்து, குழந்தை இருந்த இடத்தைப் பூசி மெழுகி, ஓங்கிய அரிவாளோடு புதுக் கை வைத்தான். அப்பா ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை இழந்து படுத்திருந்தபோது அவன் கண் எழுதினான். வேட்டி அவனுக்குப் போனது.

கூட்டம் கலைந்ததும் பெரியதனக்காரர் அம்மாவைக் கூப்பிட்டார். வீணான சிமெண்டு, கம்பி, வந்தவன் கூலி, தீட்டுக் கழித்த செலவு எல்லாம் எங்கள் தலையில் என்றார். அம்மா காதுத் தோட்டை விற்றுக் கொண்டுபோய்க் கொடுத்தாள். நூற்று எண்பது ரூபாய்.