மான் பொங்கல்

முட்டாள்தனத்தில் எனக்குச் சின்ன வயதிலேயே நல்ல தேர்ச்சி. மானுக்குக் குங்குமம் வைக்கக் கிளம்பிய ஆள் நான்.

சென்னையிலிருந்து நியூ ஜெர்சிக்கு வந்த புதிது. அம்மா பின்பக்கம் போட்டிருந்த அவரைக் கொடியைச் சாயங்காலமானால் மான்கள் வந்து மேய்ந்துவிட்டுப் போகும். அவற்றில் ஒற்றைக்கொம்பன் ஒருவன் எனக்குச் சிநேகிதன். பள்ளியில் எனக்கு இன்னும் ஆள் சேரவில்லை, அவனுக்கும் ஒரு கொம்பு குறைவு. பொருத்தம் சரியாக இருந்தது. ஒருமுறை இட்லி வீசினேன். முகர்ந்துவிட்டு அவரைக்கே திரும்பிவிட்டான். அம்மாவின் இட்லியைப் பற்றி என் கருத்தும் அதுதான்.

ஒரு நாள் பக்கத்து வீட்டு அமெரிக்க அங்கிள் அப்பாவிடம், சனிக்கிழமை பின்னாலிருக்கும் காட்டில் ‘டீர் ஹார்வெஸ்ட்’ என்றார். ஹார்வெஸ்ட் என்றால் அறுவடை. அறுவடை என்றால் பொங்கல். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் மாட்டுப் பொங்கல் படத்தில் மாட்டுக் கொம்புக்குக் கலரே அடித்திருக்கிறேன். ஆக, இந்த ஊரில் மானுக்குப் பொங்கல்!

சனிக்கிழமை காலை குங்குமச் சிமிழோடு போய் நின்றேன். அங்கிள் வில்லையும் அம்புகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

நான் போட்ட கூச்சலில் அப்பா ஓடிவந்தார்.

“டேய், மான் ஜாஸ்தியாயிடுச்சுன்னு கவர்ன்மென்ட்டே பர்மிட் குடுத்திருக்குடா. போன மாசம் நம்ம கார் பம்பர் என்னாச்சு, பார்த்தல்ல?”

அங்கிள் மட்டும் குனிந்து, தன் பர்மிட் கொம்பில்லாத மானுக்குத்தான், கொம்புள்ளதைத் தொட்டால் அபராதம் என்றார். ஒற்றைக் கொம்பும் கொம்புதானா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, ஆமாம் என்றார். அந்த யோசனைதான் என்னைக் கலக்கியது.

அன்று ஒரு மானும் வரவில்லை. மறுநாளும் இல்லை. அங்கிள் தனக்குக் கிடைத்த மானின் இறைச்சியை ஊர் இலவச உணவுக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டாராம். கொம்பு இருந்ததா என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

அந்தக் காட்டில் மான்களுக்குத் தப்பி ஒரு மரக்கன்றும் வளரவில்லை என்பதோ, பனிக்காலம் முடிவதற்குள் தீனியில்லாமல் குட்டிகள் எலும்பாகிவிடும் என்பதோ, அங்கிள் பர்மிட்டுக்குக் கட்டிய பணம் காட்டைப் பார்த்துக்கொள்ளவே போகிறது என்பதோ அப்போது எனக்குத் தெரியாது. முட்டையைக்கூட வீட்டுக்குள் விடாத அம்மா, சனிக்கிழமை காலை வாசலில் நின்று அந்த வில்லை ஏன் அத்தனை ஆவலோடு பார்த்தாள் என்பதும் விளங்கவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் அவரைப் பந்தலடியில் ஒற்றைக் கொம்பு தெரிந்தது. எனக்கு மூச்சு வந்தது. அடுக்களைக்கு ஓடினேன்.

“அம்மா! ஒத்தக்கொம்பன் உயிரோட இருக்கான்!”

அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். மிச்சமிருந்த கடைசிக் கொடி அவன் வாயில் தொங்கியது.

“ஏன் இருக்கான்?”