சுந்தர்சிங் ஒடிக்காத பிளக்

முட்டத்தில் மீன் வண்டி ஓட்டுகிற எவனைக் கேட்டாலும் சொல்வான், மெக்கானிக் சுந்தர்சிங் மேஸ்திரியின் கை ஒரு தடவை தவறியது என்று. மரியான் வண்டியில் ஸ்பார்க் பிளக்கை ஒடித்துவிட்டாராம். அந்த மரியான் நான்தான். ஆறு வருடமாக அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு வாயை மூடியிருந்த யோக்கியனும் நான்தான்.

எங்கள் வண்டிகள் படும் பாடு வேறு. மீன் பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் உப்போடு ஒழுகும். போதாததற்குக் கடல்காற்று. பெட்ரோல் வண்டியாக இருந்தால் வருடத்துக்கு ஒருமுறையாவது பிளக் எஞ்சினோடு ஒட்டிக்கொள்ளும். அவசரப்பட்டுத் திருகினால் பாதி கையில் வரும், பாதி உள்ளே நிற்கும். பிறகு எஞ்சினின் தலையையே கழற்ற வேண்டியதுதான்.

சுந்தர்சிங் அவசரப்பட மாட்டார். எஞ்சின் ஆறும்வரை அதைத் தொட மாட்டார். துருவை இளக்கும் எண்ணெய் விட்டுக் காத்திருப்பார். கால் சுற்றுத் திருகி, அரைக்கால் சுற்றுத் திரும்ப முறுக்கி, மறுபடி எண்ணெய் விடுவார். சபையில் பாட்டுக்குழுவில் இருப்பவர், வேலை செய்யும்போதும் கீர்த்தனை முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். முணுமுணுப்பு நின்றால் பிளக் முரண்டு பிடிக்கிறது என்று அர்த்தம், அப்போது யாரும் பேசக்கூடாது. பிளக் வெளியே வந்ததும் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, "இந்தக் கையில இன்னும் ஒரு பிளக்கு ஒடிஞ்சதில்ல, கேட்டியா" என்பார். அந்த ஒரு பெருமைதான் மனிதருக்கு.

என் குட்டி லாரி, என் மனைவி ஜாஸ்பின் குவைத்தில் எட்டு வருடம் நர்ஸ் வேலை பார்த்து வாங்கியது. அதற்கு முன்பே வீட்டு மிக்ஸியையும் அவளுடைய பழைய ஸ்கூட்டரையும் நான் சரிசெய்து சரிசெய்தே குப்பைக்கு அனுப்பியிருந்தேன். அதனால் வண்டி வந்த அன்றே மகள் ஜினிஷாவின் தலையில் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கிவிட்டாள். ஓட்டலாம், ஸ்பானரைத் தொடக்கூடாது.

ஆறு வருடத்துக்கு முன் அந்த வண்டியில் பிளக் ஒட்டிக்கொள்ள, மேஸ்திரியிடம் கொண்டுபோனேன். அன்று நாலு பிளக்கில் மூன்று வந்துவிட்டன. நாலாவது அசையவில்லை. மேஸ்திரி எண்ணெய் விட்டுவிட்டு எழுந்தார்.

"ஒரு மணிக்கூறு ஊறட்டும். நான் சோறு தின்னுட்டு வாறேன். நீ தொட்டுராத மக்கா. பதறாத காரியம் செதறாது."

காலையிலிருந்து காத்திருந்தேன். ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை. ஸ்பானர் பிளக்கின் மேலேயே இருந்தது. பக்கத்தில் ஒரு இரும்புப் பைப்பும் கிடந்தது. அதை ஸ்பானர் பிடியில் செருகி ஒரு அழுத்து அழுத்தினேன். 'டக்' என்றது. வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். ஸ்பானரைத் தூக்கிப் பார்த்தால் பாதிதான் வந்திருந்தது.

மேஸ்திரி திரும்பி வந்தார். ஒடிந்த துண்டைப் பார்த்தார், பைப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் வாசலில் ஸ்கூட்டர் சத்தம். எனக்குச் சோறு கொண்டு வந்த ஜாஸ்பின். வண்டி போனது ஒரு பக்கம், பிள்ளை தலையில் அடித்த சத்தியம் ஒரு பக்கம்.

"என்ன அண்ணே, ஒடிஞ்சு போச்சா?"

மேஸ்திரி என் கையிலிருந்த பைப்பை மெல்லத் தம் கைக்கு வாங்கிக்கொண்டார்.

"எனக்க கையில ஒடிஞ்சிட்டு தங்கச்சி. ரெண்டு நாள் தா, சரியாக்கித் தாறேன்."

சொன்னபடி இரண்டு நாளில் எஞ்சினின் தலையைக் கழற்றி, துண்டை எடுத்து, புதிதாக மரை போட்டுக் கொடுத்தார். கூலி வாங்கவில்லை. ஆனால் ஜாஸ்பின் மீன் ஏலக்கூடத்தில் சொன்னாள், ஏலக்கூடம் ஊருக்குச் சொன்னது. நாலைந்து வண்டிகள் திங்கள்சந்தை மெக்கானிக்குகளிடம் போய்விட்டன. அந்த நாளுக்குப் பிறகு எத்தனையோ பிளக்குகளை முழுசாகக் கழற்றினார். அந்தப் பழைய வாக்கியத்தை மட்டும் சொல்வதில்லை. துணியில் கையைத் துடைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். ஒவ்வொரு தடவையும் எனக்குத்தான் நெஞ்சு சுருக்கென்றது.

போன மாதம் ஜாஸ்பினின் தம்பி ஸ்டெனி எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவனுடைய வண்டியிலும் பிளக் ஒட்டிக்கொண்டிருந்தது.

"திங்கள்சந்தைக்குக் கொண்டு போறேன் அத்தான். மேஸ்திரி ஒடிச்சிருவாரு."

"ஆமா, அவருட்ட குடுக்காண்டாம்" என்றாள் ஜாஸ்பின்.

"அவரு ஒடிக்கல. நான்தான் ஒடிச்சேன்" என்றேன்.

பத்தாம் வகுப்பு படிக்கிற ஜினிஷா தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். ஜாஸ்பின் குழம்புச் சட்டியில் மிச்சமிருந்த நெய்மீன் துண்டுகள் அத்தனையையும் தூக்குவாளியில் போட்டுக்கொண்டு, ஸ்டெனியின் வண்டியைக் கட்டி இழுத்துவரச் சொல்லி, தானே ஒர்க்‌ஷாப்புக்குப் போனாள். பின்னாலேயே நானும் போனேன்.

"எதுக்கு அண்ணே அப்பிடிப் பொய் சொன்னிய?"

மேஸ்திரி வெட்கப்பட்டார். "அன்னைக்கு இவன் மூஞ்சிய நீ பாக்கல்லியே தங்கச்சி. பிளக்கு போனா வேற மாட்டலாம். குடும்பத்துல ஒண்ணு ஒடிஞ்சா எங்க போயி வாங்க?"

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஜாஸ்பின் தூக்குவாளியை அவர் பக்கத்தில் வைத்தாள். அவர் எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு ஸ்டெனியின் வண்டிக்குள் குனிந்தார். கீர்த்தனை தொடங்கியது, நின்றது. ஒருவரும் பேசவில்லை. நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். சாயங்காலம் நாலாவது பிளக்கும் முழுசாக வந்தது.

துணியில் கையைத் துடைத்தபடி ஸ்டெனியைப் பார்த்துச் சொன்னார்: "இந்தக் கையில இன்னும் ஒரு பிளக்கு ஒடிஞ்சதில்ல, கேட்டியா."