பெஸேயின் மோர் வாளி

வட ஈராக்கின் பஷீக்காவில், போருக்குப்பின் எங்கள் பள்ளி மீண்டும் திறந்த ஆண்டில் இப்திஹாஜ் டீச்சருக்கு வயது ஐம்பத்திரண்டு. முஸ்லிம், கிறிஸ்தவர், யசீதி என்று மூன்று மதத்து வீட்டுப் பிள்ளைகளையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்தவர் அவர்தான். அடுத்த வகுப்பில் நான் கணக்குக் கற்பித்தேன். மனிதர் யாவரும் ஒரே குலம் என்று அவர் தாழ்ந்த குரலில் சொல்வது சுவர் வழியே எனக்குக் கேட்கும்.

விருந்து நாளும் அவருடைய யோசனைதான். ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் உணவைக் கொண்டுவர வேண்டும். எல்லாரும் எல்லாவற்றையும் உண்ண வேண்டும். எவருடைய உணவும் கூட்டத்தில் மறைந்துவிடக் கூடாது என்ற அக்கறையில், பள்ளி முற்றத்தில் மூன்று மேசைகள் போட்டு, ஒவ்வொன்றிலும் சமூகத்தின் பெயரை அழகாக எழுதி ஒட்டினார். பிழை அங்கேதான் நேர்ந்தது. எங்கள் ஊரில் யசீதியின் கைப்பட்ட தயிரையும் மோரையும் பலர் தொடமாட்டார்கள். சந்தையில் யார் வீட்டுப் பாலென்று தெரியாமல் குடித்துவிடுவார்கள். தெரிந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். டீச்சர் எழுதி ஒட்டித் தெரிவித்துவிட்டார்.

பத்து மணிக்குள் முதல் மேசையில் திராட்சையிலைச் சோறு தீர்ந்தது. இரண்டாவதில் கோதுமை உருண்டையும் தீர்ந்தது. மூன்றாம் மேசையில், யசீதிப் பெண் பெஸே கொண்டுவந்த மோர் வாளி, தளும்பத் தளும்ப, வெயிலில் இருந்தது. அதன் பக்கத்தில் அவருடைய மகள் சேவே அகப்பையைப் பிடித்தபடி நின்றாள்.

பெஸே சுவரோரமாக நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு டீச்சரிடம் வந்தார்.

“வாளி நெறஞ்சபடி வீட்டுக்குத் திரும்பினா, எம் பொண்ணும் கூடவே திரும்பிடுவா டீச்சரம்மா. நாளையிலேருந்து ஆடு மேய்க்கட்டும். ஆடுங்க யாரு கையினு பாக்குறதில்ல.”

டீச்சர் ஒரு குவளையை எடுத்து நீட்டினார். சேவே ஊற்றினாள். வாசலில் நின்ற பிள்ளைகளின் தந்தையர் இருவர் உள்ளே எட்டிப் பார்த்தனர். அவர்களுள் ஒருவர் டீச்சருடைய கணவரின் அண்ணன். டீச்சர் கண்களை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தார்.

“மருந்து குடிக்கிற மாதிரி குடிச்சிட்டீங்க” என்றார் பெஸே. மகளின் புத்தகப்பையை எடுத்துத் தம் தோளில் மாட்டிக்கொண்டார்.

“உண்மைதான், பெஸே” என்றார் டீச்சர். எல்லாருக்கும் கேட்கும்படியாகவே சொன்னார். “உங்க வீட்டுல சாப்பிட்டா நாப்பது நாள் தொழுகை வீணாப் போயிடும்னு எங்கம்மா சொல்லுவாங்க. முப்பது வருசமா பாடம் நடத்துறேன். அந்தப் பேச்சு இன்னும் தொண்டையிலயே நிக்குது. வெக்கமாத்தான் இருக்கு. இன்னொண்ணு ஊத்தச் சொல்லுங்க.”

வாசலில் நின்ற கணவரின் அண்ணன், வீட்டுக்கு வந்தபின் பேசிக்கொள்ளலாம் என்று முணுமுணுத்துவிட்டு வெளியேறினார். டீச்சர் அவர் போன திசையைப் பார்க்கவில்லை. இரண்டாம் குவளையைத் தரையில் அமர்ந்து மெல்ல மெல்லக் குடித்தார். புளிப்புச் சற்று அதிகம் என்றும் சொன்னார்.

“வெயில்ல நிக்கவச்சா புளிக்காம என்ன செய்யும்?” என்றார் பெஸே.

யாரோ சிரித்தார்கள். நான்கைந்து பிள்ளைகள் குவளையுடன் வந்தனர். மற்றவர்கள் வரவில்லை. பெஸே வாளிக்குள் எட்டிப் பார்த்தார். பாதிக்குமேல் அப்படியே இருந்தது. மகளைத் தொடர்ந்து அனுப்புவதா என்று யோசித்துக் காலையில் சொல்வதாகக் கூறிவிட்டு, மகளோடும் வாளியோடும் நடந்தார்.

மறுநாள் முதல் மணி அடித்த பின்னும் டீச்சர் வாசலிலேயே நின்றிருந்தார். இரண்டாம் மணி அடித்தபோது சேவே தனியாக வந்தாள். தாமதத்துக்குக் காரணம் கேட்காமல் டீச்சர் அவளுக்கு வழிவிட்டார்.