மூன்றாவது இடுப்பெலும்பு

கேமராவை முதலில் தலைகீழாகப் புரட்டிப் பார்ப்பார் இஸ்மனாலி. பிறகு பேட்டரி மூடியைக் கட்டைவிரலால் நெம்பித் திறந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்ப்பார். ஆட்டின் வாயைப் பிளந்து பல் பார்த்துப் பழகிய கை. முப்பது வருடமாக நாரின் வட்டாரத்தின் கால்நடை மருத்துவர். எதையும் திறந்து பார்க்காமல் கருத்துச் சொல்ல மாட்டார். கடைசியில் மூடியைச் சாத்திவிட்டு, நான்கு மாதமாகச் சனிக்கிழமைதோறும் கேட்கும் அதே கேள்வியைக் கேட்பார்.

"இது எத்தனை மெகாபிக்சல்?"

"போன வாரம் எத்தனையோ அத்தனைதான் அண்ணே," என்பாள் கடைக்காரி ஜிபார், சூரியகாந்தி விதையைக் கடித்தபடி. "நடுவுல குட்டியா போட்டிருக்கும்?"

ஜிபாரின் கடையில் முன்பக்கம் கண்ணாடிப் பெட்டிக்குள் ஏழு கேமராக்கள், பின்பக்கம் இணையத்துக்கு நான்கு கணினிகள். மருத்துவர் இரண்டு பக்கத்துக்கும் வாடிக்கையாளர். அவருடைய நோட்டுப் புத்தகத்துக்கும் இரண்டு பக்கம் உண்டு. முன்னாலிருந்து புரட்டினால் கோமாரி, கழிச்சல், வயிற்றுப் பூச்சி. பின்னாலிருந்து புரட்டினால் கேமரா: 'கண் தெளிவு. உடம்பு பிளாஸ்டிக். மூடி தளர்வு. குணம் தெரியவில்லை.'

நம்பரைப் பார்க்காதீர்கள், லென்ஸைப் பாருங்கள் என்று ஜிபார் சொல்லிப் பார்த்தாள். அதைக் கேட்டதும் மருத்துவரின் புருவம் சந்தையில் தரகரைக் கண்டதுபோல் ஏறிக்கொண்டது. வால் கொழுப்பு இல்லாத ஆட்டை விற்க வந்தவன்தான் அதன் நடையழகைப் புகழ்வான். அந்த ஊர் ஆட்டுக்கு விலையே வாலில் தொங்கும் கொழுப்புக்குத்தான். மெகாபிக்சல் என்பது அவருக்கு அந்த வால் கொழுப்பு. எவ்வளவு தொங்குகிறதோ அவ்வளவு நல்லது.

மகள் மேரிமைப் புகுந்த வீட்டுக்கு வழியனுப்பும் விருந்துக்கு நாள் குறித்த பிறகும் இந்தப் பரிசோதனை ஓயவில்லை. மனைவி புருல்கான் தேநீர் ஊற்றும்போதெல்லாம் ஒரு வார்த்தையும் சேர்த்து ஊற்றினாள்.

"மேரிம் அப்பா, என்னைப் பாத்து முடிவு பண்ண உங்களுக்கு ஒரு மத்தியானம் போதுமா இருந்துச்சு."

"அப்ப ஒரே மாடல்தான் இருந்துச்சு," என்றார் அவர்.

விருந்துக்கு இரண்டு நாள் முன்னால் பன்னிரண்டு மெகாபிக்சல் வீட்டுக்கு வந்தது. திரையின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரிக்க யாருக்கும் அனுமதியில்லை. மேரிம் சிறுவயதில் போட்ட கம்பளிக் காலுறை ஒன்றைத் துவைத்துக் காயவைத்து, அதற்குள் கேமராவைப் படுக்க வைத்தார். வெளியே எடுத்தால் வாரை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிய பிறகுதான் மூச்சு விடுவார். பிரசவம் பார்க்கும் பசுவிடம்கூட அவர் அவ்வளவு பதவிசாக நடந்துகொண்டதில்லை.

விருந்தன்று கொச்கோரிலிருந்து சம்பந்தி வீட்டார் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் அப்பா கச்கின்பாய், அவருடைய அண்ணன் ஜுமாகதிர். ஜுமாகதிருக்கு எழுபத்தெட்டு வயது. அவர்கள் வீட்டில் அவர் கை வைக்காமல் யாரும் ரொட்டியைப் பிய்க்க மாட்டார்கள். மாஸ்கோவில் வேலை பார்க்கும் அவர்கள் உறவுக்காரர்கள் முப்பது பேர் வரமுடியவில்லை. படமெல்லாம் இணையத்தில் போட்டுவிடுகிறேன், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட மாதிரி இருக்கும் என்று எல்லார் முன்னாலும் இஸ்மனாலி வாக்குக் கொடுத்தார்.

தரையில் விரித்த விருந்துத் துணிகளில் மூத்தவர்கள் உட்காரும் தலைவிரிப்புக்கு ஒரு ஆடு. எந்த எலும்பு யாருக்கு என்று வயதையும் மரியாதையையும் எடைபோட்டுப் பங்கிடுவது வீட்டுத் தலைவனின் வேலை. இரண்டு இடுப்பெலும்பும் விருந்தாளிகளில் மூத்த இருவருக்கு. ஆனால் வீட்டுத் தலைவன் அந்த நேரத்தில் நாற்காலிமேல் ஏறி நின்று, யாரும் தட்டில் கை வைக்காதீர்கள், ஆவி அடங்கட்டும், ஆவி இருந்தால் படம் மங்கும் என்று உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். பங்கிடும் பொறுப்பைப் புருல்கானின் தம்பி ஷார்ஷென் எடுத்துக்கொண்டார். அவர் ஒரு இடுப்பெலும்பைக் கச்கின்பாய்க்கு வைத்தார். இன்னொன்றைத் தன் அலுவலக மேலதிகாரிக்கு வைத்தார். ஜுமாகதிருக்குத் தட்டையான தோள்பட்டை எலும்பு போய்ச் சேர்ந்தது. பெரியவர் அதைப் பார்த்தார். நாற்காலிமேல் நின்றவரையும் பார்த்தார். கத்தியை எடுத்துத் தின்னத் தொடங்கினார்.

அந்தப் பார்வையையும் கேமரா பிடித்திருந்தது. மருத்துவர்தான் பார்க்கவில்லை.

நான்கு நாள் ஜிபாரின் மூன்றாம் எண் கணினியில் அவர் படங்களுக்கு வைத்தியம் பார்த்தார். முந்நூற்று நாற்பது படங்கள். முதலில் கண். ஃபிளாஷ் வெளிச்சத்தில் சிவந்த கண்களைத் தொழில் பாசத்தோடு ஒவ்வொன்றாகக் குணப்படுத்தினார். பிறகு தோல். புருல்கானின் பெரியம்மாவுக்கு இருபது வயது குறைந்தது. மூக்கும் ஏறக்குறைய இல்லாமல் போனது. படத்தைச் சின்னதாக்கி ஏற்றினால் சீக்கிரம் போகும், பார்ப்பவர்களுக்கும் அதுவே போதும் என்றாள் ஜிபார்.

"காசு குடுத்துப் பன்னெண்டை வாங்கிட்டு ஒண்ணா ஆக்கி அனுப்பவா? ஆட்டைத் தோலுரிச்சுத் தோலை மட்டும் பரிமாறுற கதையா இருக்கே."

"ஒரு படம் போக அரை மணி நேரம் ஆகும் அண்ணே."

"ஆகட்டும். சூப்பு கொதிக்க அதைவிட ஆகும்."

ஐந்தாம் நாள் தலைவிரிப்புப் படத்துக்கு வந்தார். லேக்மேன் நூடுல்ஸ், பொரித்த மாவு, திராட்சை எல்லாம் தெளிவு. தன் மெகாபிக்சலின் பெருமையைத் தானே அனுபவிக்க ஒவ்வொரு தட்டாகப் பெரிதாக்கிக்கொண்டே போனவர், ஜுமாகதிரின் தட்டில் நின்றுவிட்டார். தோள்பட்டை. மறுபடி பெரிதாக்கினார். அப்போதும் தோள்பட்டைதான்.

வெறும் எலும்பு விஷயமல்ல. மேரிம் இனி ஆயுள் முழுக்க அந்தப் பெரியவருக்குத் தேநீர் ஊற்ற வேண்டியவள். படத்தைப் போட்டால் மாஸ்கோவரை முப்பது பேர் அவமானத்துக்குச் சாட்சி. போடாவிட்டால் வாக்குப் பொய்.

ஜிபார் அந்த வாரம்தான் அவருக்குப் படத்தின் ஒரு துண்டை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டுவதைச் சொல்லிக்கொடுத்திருந்தாள். மேலதிகாரியின் தட்டிலிருந்த இடுப்பெலும்பை நகலெடுத்தார். பெரியவரின் தோள்பட்டைமேல் ஒட்டினார். ஓரத்தை மழுக்கினார், நிழல் கொடுத்தார், கொஞ்சம் கொழுப்பு மினுக்கும் சேர்த்தார். அபாரமான அறுவை சிகிச்சை. மேலதிகாரியின் தட்டிலிருந்ததை எடுக்க மட்டும் தோன்றவில்லை. அரை மணி நேரம் காத்திருந்து படத்தை முழு அளவில் ஏற்றிவிட்டு, வீட்டுக்குப் போய் புளித்த குதிரைப்பாலான குமிஸ் இரண்டு கிண்ணம் குடித்தார்.

மறுநாள் படத்தின் கீழே முதல் வரி மாஸ்கோவிலிருந்து, மாப்பிள்ளையின் சித்தப்பா மகன் எழுதியது: 'மாமா, உங்க ஊரு ஆட்டுக்கு மூணு இடுப்பா? ரெண்டு குட்டி அனுப்பிவைங்க, இங்க வளக்கிறோம்.' அடுத்தவன் இன்னும் பெரிதாக்கிப் பார்த்திருந்தான்: 'அதுல ரெண்டு இடது இடுப்பு. ஆடு எப்படி நடந்துச்சு, வட்டமாவா?' அதற்குக் கீழே பதினெட்டுப் பேர் சிரித்திருந்தார்கள். முப்பது வருடக் கால்நடை மருத்துவர் இடதையும் வலதையும் பார்க்கவில்லை.

கடைக் கணக்கு நோட்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்த ஜிபார், அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினாள். "சின்னதாக்கிப் போட்டிருந்தா எலும்பே தெரிஞ்சிருக்காது அண்ணே," என்றாள். அதுதான் அவரை மிகவும் சுட்டது.

சாயங்காலம் மேரிம் தொலைபேசியில் பேசினாள். எல்லாரும் சௌக்கியம், பசு ஈன்றுவிட்டது என்றெல்லாம் சொல்லிவிட்டுக் குரலைத் தணித்தாள். "பெரிய மாமா ஒண்ணும் சொல்லலப்பா. டீ குடுத்தா வாங்கிக்கிறாரு. அந்தப் படத்தைப் பாத்ததிலேருந்து என் பேரைச் சொல்லிக் கூப்பிடல, அவ்வளவுதான்."

புருல்கான் அன்று எதுவும் ஊற்றவில்லை, தேநீரையும் வார்த்தையையும்.

விடிந்ததும் இஸ்மனாலி ஆடு அறுத்தார். வேகவைத்ததைத் துணியில் சுற்றி, மனைவியோடு கொச்கோருக்கு வண்டியேறினார். கேமரா இருந்த காலுறையையும் எடுத்துக்கொண்டார்; இப்போது எதற்கு இது என்று புருல்கான் கேட்டதற்கு, நிஜப் படம் ஒன்று போட்டால் பொய்ப் படம் மறந்துபோகும் என்றார். திருந்துவதிலும் அவருக்கு மெகாபிக்சல் வேண்டியிருந்தது.

ஜுமாகதிர் விரிப்பின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். மருத்துவர் தாமே தட்டை ஏந்திக்கொண்டு போய் அவர் முன் வைத்தார். பெரியவர் இடுப்பெலும்பைக் கத்தி முனையால் ஒருமுறை புரட்டிப் பார்த்தார்.

"இது எத்தனாவது?"

மேரிம் தேநீர்ப் பானையைப் பிடித்தபடி நின்றாள்.

"ஆட்டுக்கு ரெண்டுதான் பெரியவரே," என்றார் இஸ்மனாலி. "இன்னொண்ணும் பையில இருக்கு. அன்னிக்கு நான் நாற்காலிமேல நின்னுட்டேன். கீழ நின்னிருக்கணும்."

பெரியவரின் தாடி லேசாக அசைந்தது. "சரி. படம் எடுக்கலையா?"

மருத்துவருக்கு உயிர் வந்தது. காலுறையிலிருந்து கேமராவை உருவி, அவசரத்தில் வாரை மணிக்கட்டில் ஒரே சுற்றுச் சுற்றினார். தட்டைக் கொஞ்சம் வெளிச்சத்துப் பக்கம் நகர்த்தச் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பெரியவர் எலும்பிலிருந்து முதல் சீவலை அறுத்து, "மேரிம், இந்தா," என்று மருமகளுக்கு நீட்டினார். அவள் பானையை வைத்துவிட்டு இரு கைகளாலும் வாங்கினாள். இரண்டாவது சீவலை இஸ்மனாலியின் பக்கம் நீட்டினார். மூத்தவர் கொடுக்கும் இறைச்சியை ஒற்றைக் கையால் வாங்குவார் யாருமில்லை. இஸ்மனாலி இரு கைகளையும் குவித்து நீட்டினார். மணிக்கட்டிலிருந்து நழுவிய கேமரா, பிளாஸ்டிக் தாளோடு, எதிரிலிருந்த சூப்புக் கிண்ணத்துக்குள் மெல்ல இறங்கிக் கொழுப்புக்குக் கீழே போனது. அவர் குனிந்து பார்க்கவில்லை. பெரியவரின் முகத்தையே பார்த்தபடி மென்றுகொண்டிருந்தார்.