மறைத்து வைத்த மாங்காய்க் கரை

நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் ஆரணியில் எங்கள் தெருவில் பட்டுச் சேலைக்குப் புதுக் கரை வரைவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. எண்பதுகளின் கடைசியில், மெட்ராஸில் படித்துவிட்டு வந்த என் மகள் கமலா வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கினாள். நான் கட்டத்தாளில் வரைந்த மாங்காய்க் கரையை அதில் புள்ளி புள்ளியாக ஏற்றினாள். பிறகு தாளை எலி கடித்துவிட்டது. கம்ப்யூட்டரில் இருந்ததுதான் மிச்சம்.

அந்தச் சமயத்தில், அடுத்தவர் கரையைப் பார்த்து நெய்து விற்கும் வியாபாரி ஒருவர் வந்தார். வெளியாள் வந்தால் தறி மேல் துணி போட்டு மூடுவது எங்கள் வழக்கம். மூடினேன். தெருவே பேசிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் பக்கம் அவர் நேரே போனார்.

"அந்த மாங்கா கரைய இதுல காட்டும்மா."

கமலா தட்டினாள். திரையில் ஒன்றும் இல்லை.

"இன்னாம்மா, பொட்டி காலியா கீது?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

நான் திரைக்கு முன்னால் ஓடினேன். "எல்லாம் போச்சாடி?"

"போகலம்மா. மறைச்சு வெச்சிகிறேன்." மறுபடி ஏதோ தட்டினாள். என் கரை வந்து நின்றது. "நீ தறிய மூடறல்ல, அது மாதிரி. பூட்டும் போட்டுகிறேன். நாம எடுத்துப் பாக்கலாம், யாரும் அழிக்க முடியாது."

யார் வந்தாலும் தறியை மூடும் எனக்கே, கண்ணில் படாதது தொலைந்ததாகத் தோன்றியிருக்கிறது. தறியை மூடும் துணியில் பாதியைக் கிழித்து, கம்ப்யூட்டர் மேல் போட்டேன்.

"தூசிதாம்மா விழாது," என்றாள் கமலா.

இருக்கட்டும். எனக்குத் தெரிந்த பூட்டு அதுதான்.